மேட்டில் தங்கிய காற்று

கல்லூரி மலர்களில் எழுதப் புகுவோர் ஆசிரியப் பெருந்தகைகளையும் விளையாட்டுப் போட்டிகளையும் நினைவுகூருவதே வழக்கம். நானோ ஒரு மீன்தொட்டியின் வடிகாற் பெட்டியைப் பற்றி எழுதத் துணிந்தேன். நம் கல்லூரி ஆய்வுகூடத்தில் பௌதிக ஆசிரியர் கண்ணாடிக் குழாயைத் தீயில் வாட்டி வளைத்துச் சைபனை விளக்கிய அன்று முன்வரிசையில் இருந்தவன் என்பதே எனக்குள்ள உரிமை.

கேகாலையில் என் இல்லத்து முன்னறையில் நான்கடி நீளத் தொட்டியொன்று உண்டு. அதில் வாழ்வன, சிங்களத்தில் ‘லே தித்தயா’ எனப்படும் சின்னஞ்சிறு மீன்கள். 1929ஆம் ஆண்டில் தெரணியகல என்னும் அறிஞர் விவரித்துப் பெயரிட்ட இனம். இணைசேருங் காலத்தில் ஆண்மீன் செக்கச் சிவந்துவிடும். எட்டியாந்தோட்டைப் பகுதி இறப்பர்த் தோட்டமொன்றிற் பிறந்த எனக்கு, நிழலோடைகளில் அவற்றைப் பார்த்து நின்றமை இளமைக்கால நினைவு. இப்பொழுதுள்ளவை ஓடையிற் பிடித்தவையல்ல, பண்ணையிற் பெருகியவை.

தொட்டி நீரைக் கீழேயுள்ள வடிதொட்டிக்கு இறக்கித் தூய்மை செய்து, நீர்ப்பம்பியால் மீண்டும் மேலேற்ற விரும்பினேன். நீர் நிரம்பிய தொட்டியைத் துளையிட அஞ்சி, 2019ஆம் ஆண்டில் இரு பெட்டிகளை நானே கண்ணாடி வெட்டிச் சிலிக்கோன் பசையால் ஒட்டினேன். ஒன்று தொட்டியின் உள்ளே தொங்கும், மற்றது வெளியே. இரண்டையும் விளிம்புக்கு மேலாக வளைந்து செல்லும் ஒன்றரை அங்குலக் குழாய் இணைக்கும். வெளிப்பெட்டியின் நிலைக்குழாயை உட்பெட்டியின் விளிம்பிலும் மூன்று அங்குலம் தாழ்த்தி நிறுத்தினேன். பம்பி நின்றாலும் வளைகுழாயின் இரு முனைகளும் நீருள் அமிழ்ந்தே இருக்கும். ஆகவே சைபன் அறாது. உட்பெட்டி விளிம்பைச் சீப்புப்போற் பல்லாக வெட்டியும் இரண்டு குஞ்சுகள் வடிதொட்டிக்குப் பயணம் போயின என்பது வேறு கதை.

மூன்றாம் வாரத்து இரவொன்றில் சைபன் அறுந்தது. பம்பி தன் கடமையைத் தவறாது செய்து வடிதொட்டி நீர் முழுவதையும் மேலேற்ற, அது விளிம்பைக் கடந்து தரையிற் பாய்ந்தது. அரிசி மூட்டை நனைந்தது. கட்டிலின் அடியில் வைத்திருந்த நம் கல்லூரிப் பழைய மலர்கள் ஆறும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. முப்பது ஆண்டு கரும்பலகையில் சைபன் வரைந்து காட்டிய என்னிடம், “நீங்கள் படிப்பித்த பாடந்தானே இது?” என்று மனைவி கேட்டதற்கு விடையில்லை.

காலையில் வளைகுழாயைத் தட்டிப் பார்த்தேன். உச்சி வெற்றொலி தந்தது. நீருடன் வந்த சிறு குமிழிகள் அங்கே சேர்ந்து, இறுதியில் நீரை இரண்டாகப் பிரித்துவிட்டன.

என் தந்தையாருக்கு இது தெரிந்திருந்தது. மலையூற்றிலிருந்து எங்கள் லயத்துப் பீலிக்கு வரும் இரும்புக் குழாயைப் பார்ப்பது அவர் பொறுப்பு. வழியில் ஒரு மேட்டில் குழாய் ஏறி இறங்கும். நீர் நின்ற நாட்களில் மேட்டிலிருந்த சிறு துளையின் மரமுளையைப் பிடுங்குவார். சீறிக்கொண்டு காற்று வெளியேறும். நீர் தலைகாட்டியதும் முளையை இறுக்குவார். “காத்து மேட்டுல வந்து குந்திக்கிடும் தம்பி, அத எறக்கி விடணும்” என்பார். விடுமுறைக்கு வந்த கல்லூரி மாணவனாகிய நான், காற்று உட்காருவதில்லை என்று அவரைத் திருத்தினேன். அவர் சிரித்துவிட்டு முளையைத் தட்டினார். அத்திருத்தத்தை மீளப் பெறுதற்கு அவர் இன்று இல்லை.

அவர் வழியையே பின்பற்றி வளைகுழாயின் உச்சியில் துளையிட்டேன். உடனே சைபன் மீண்டும் அறுந்தது! பிறகே சிந்தித்தேன். தந்தையாரின் மேடு ஊற்றின் மட்டத்திற்குக் கீழே இருந்தது. உள்ளே அழுத்தம் மிகுதி, காற்று வெளியே ஓடும். என் மேடோ நீர்மட்டத்திற்கு மேலே. உள்ளே அழுத்தம் குறைவு, வெளிக்காற்று உள்ளே புகும். இங்கே காற்றை விடுவதன்று, உறிஞ்சுவதே வேண்டும். அத்துளையில் மெல்லிய குழாயைப் பொருத்தி, பம்பியின் காற்றிழுக்கும் வாயுடன் இணைத்தேன். அகன்ற வளைகுழாயையும் மாற்றி ஓரங்குலக் குழாய் வைத்தேன். ஒடுங்கிய வழியில் நீர் விரைந்தோடிக் குமிழிகளை அடித்துச் சென்றது.

ஆயினும் தந்தையாரின் துளைக்கு வேறோர் இடம் கிடைத்தது. பம்பி நிற்கும்போது, நீரை மேலேற்றும் குழாயே எதிர்த்திசையிற் சைபனாகித் தொட்டியை வடிக்கத் தொடங்கும். அக்குழாயில், நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை இட்டேன்.

2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டபொழுது அதற்குச் சோதனை வந்தது. மெழுகுவர்த்தியுடன் அருகே அமர்ந்திருந்தேன். நீர்மட்டம் இறங்கிற்று, துளை வெளிப்பட்டது, ‘களக்’ என்று காற்றை விழுங்கியது, வடிகை நின்றது. கீழ்த்தொட்டியில் விளிம்புக்கு இரண்டு விரல் இடம் எஞ்சியிருந்தது. மீன்கள் மேலே வந்து வாய் திறந்தபோதெல்லாம் செம்பால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். மின்சாரம் வந்ததும் நீர் தானாகவே சுற்றத் தொடங்கியது. மீன் ஒன்றேனும் இறக்கவில்லை.

அரிசி மூட்டையை மட்டும் என் மனைவியார் இன்றுவரை வாங்கின் மேலேதான் வைத்திருக்கின்றார்.