பன்னிரண்டு சென்ட் நிலம்

எங்கள் ஊர் நகராட்சிப் பூங்காவின் நாவல் மரத்தடியில் சிமெண்டு இருக்கை ஒன்று உண்டு. பல ஆண்டுகளாக மாலை ஐந்து மணி முதல் விளக்கு வைக்கும் நேரம் வரை அது எங்களுடையதாகவே இருந்து வருகிறது. நாங்கள் ஐவராக இருந்தோம். நால்வர் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ஐந்தாமவர் சென்னையில் தெற்கு இரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியவர். வயதில் மூத்தவராதலால் நாங்கள் அவரை அண்ணாச்சி என்றே அழைத்தோம். இன்று நாங்கள் நால்வர்.

பூங்கா பெரியதன்று, 2 ஏக்கர் இருக்கும். ஒரு காலத்தில் மாலைச் செய்தி ஒலித்த வானொலி அறை இன்று பூட்டிக் கிடக்கிறது. நீரூற்றில் நீர் வந்து நெடுநாளாயிற்று. ஆயினும் ஊரில் காசு கொடுக்காமல், யாரையும் கேட்காமல், காரணம் சொல்லாமல் உட்காரக்கூடிய இடம் அது ஒன்றே.

2018ஆம் ஆண்டு இந்தப் பூங்காவே எங்களை இரண்டாகப் பிரித்தது.

எங்கள் ஊரில் நாற்பது ஆண்டுகள் ஏழை எளியோருக்கு மருத்துவம் பார்த்த ஒருவர் அதற்கு முந்தைய ஆண்டில் மறைந்தார். நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் முகம் சுளிக்காதவர். கட்டணம் கேட்டறியாதவர். எங்கள் பிள்ளைகளுள் இருவர் உயிரோடு இருப்பது அவரது கைராசியால்தான் என்று நாங்கள் இன்றும் நம்புகிறோம். அவருக்கு நினைவுச் சின்னம் ஒன்று எழுப்ப வேண்டும் என்று ஊர்க் கூட்டம் முடிவு செய்தபோது முதலில் கை தூக்கியவர்கள் நாங்கள். பூங்காவின் கீழ்க்கோடியில் நினைவு மணிக்கூண்டு. அதன் அடியில் சிறிய படிப்பகம். தேவைப்படுவது 12 சென்ட் நிலம் மட்டுமே. நகராட்சியும் இசைந்தது. ரசீதுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாங்கள் வீடு வீடாக ஏறி இறங்கினோம்.

அண்ணாச்சி மட்டும் ரசீதுப் புத்தகத்தை வாங்க மறுத்துவிட்டார்.

“டாக்டர் பேரில் எனக்கும் உங்களைவிடக் குறைவில்லாத மரியாதை உண்டு. மணிக்கூண்டு கட்டுங்கள். பூங்காவில் கட்டாதீர்கள்.”

“இருநூறு சென்டில் பன்னிரண்டு சென்ட், அண்ணாச்சி. அதுவும் சும்மா கிடக்கும் மூலை.”

“சென்னையிலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்” என்றார் அவர்.

அவர் சொன்னது ‘பீப்பிள்ஸ் பார்க்’ என்னும் மக்கள் பூங்காவின் கதை. ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் காலத்தில், 1859ஆம் ஆண்டளவில், நெரிசல் மிகுந்த கறுப்பர் நகரத்து மக்கள் காற்று வாங்குவதற்கென்றே கருதப்பட்ட பூங்கா அது. பரப்பு ஏறத்தாழ 116 ஏக்கர். குளங்களும் நடைபாதைகளும் இசைமேடையும் அதனுள் இருந்தன. விலங்குக் காட்சிசாலையும் அங்கேயே அமைந்தது. சென்னைவாசிகள் அதனை ‘உயிர்க் காலேஜ்’ என்றும், எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் அழைத்தனர்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. 1880களில் விக்டோரியா பொது மண்டபம். 1900இல் மூர் மார்க்கெட். 1913இல் நகராட்சி நிருவாகத்துக்கென வெள்ளை வெளேரென்ற ரிப்பன் மாளிகை. பின்னர் விளையாட்டரங்கம், அது 1993இல் புதிதாக எடுத்துக் கட்டப்பட்டது. 1985ஆம் ஆண்டு மூர் மார்க்கெட் தீக்கிரையானது. அந்த இடத்தில் புறநகர் இரயில்களுக்கான நிலையம் எழுந்தது. அதே ஆண்டில் விலங்குகள் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தன.

“நான் நாள்தோறும் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பார்க் டவுனில் வேலை பார்த்தவன். பெயர்ப்பலகையில் மட்டும்தான் பார்க்கைக் கண்டேன்” என்று முடித்தார் அண்ணாச்சி.

நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ரிப்பன் மாளிகை இல்லாத சென்னையை எண்ணிப் பார்க்க முடியுமா? விக்டோரியா மண்டபத்து மேடை நம் நாடகக் கலைக்குச் செய்த தொண்டு கொஞ்சமா? மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் அறிவுப் பசி ஆறியவர்கள் எத்தனை பேர்? இவற்றுள் எதை வேண்டாம் என்பீர்கள் என்று மடக்கினோம்.

“எதையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. எல்லாமே நல்லவை. அதனால்தான் தடுக்க ஆளில்லாமல் போயிற்று. சாராயக்கடை கட்டப் போகிறோம் என்றால் ஊரே திரண்டு பூங்காவைக் காப்பாற்றும். நல்ல காரியம் என்று வந்தால் யார் குறுக்கே நிற்பார்கள்?”

அன்று எங்களுக்குக் கோபம்தான் வந்தது. எங்களுள் ஒருவர், “ஊர் கூடித் தேர் இழுக்கும்போது சக்கரத்துக்குக் கட்டை போடுகிறீர்கள்” என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரத்துக்குள் அவர் பெயரில் துண்டறிக்கை வெளிவந்தது; மாவட்ட ஆட்சியருக்கு மனுவும் போயிற்று. ஊரில் அவரைப் பற்றிப் பலவாறு பேசினார்கள். டாக்டருக்கும் அவருக்கும் பழைய பகை என்றார்கள். அதில் துளியும் உண்மை இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நாங்கள் வாய் திறக்கவில்லை. எங்கள் பக்கம் வலுப்படுகிறது என்று உள்ளூர மகிழ்ந்திருக்கவும் கூடும். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவற்றுள் அந்த மௌனமும் ஒன்று.

அந்நாளில் எங்களுள் ஒருவரின் மகள் சிகாகோ நகரில் குடியிருந்தார். தொலைபேசியில் எங்கள் ஊர்ச் சண்டையைக் கேட்டவர், “இங்கேயும் இதே வழக்குதான் அப்பா” என்றார். அந்நகரின் தென்பகுதியிலுள்ள ஜாக்சன் பூங்காவில், முன்னாள் அதிபர் ஒபாமாவின் பெயரால் பெரும் நினைவு மையம் எழுப்ப 2016இல் இடம் தேர்ந்திருந்தார்கள். கேட்டது சற்றொப்ப 19 ஏக்கர். பொது நிலத்தைத் தனி அமைப்பிடம் ஒப்படைக்கலாகாது என்று 2018 மே மாதத்தில் பூங்கா ஆர்வலர்கள் வழக்குத் தொடுத்தனர். மறுபுறத்தில், நீண்ட காலம் புறக்கணிக்கப்பட்ட கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்கு இதனால் வேலையும் பெருமையும் வரும் என்று வரவேற்றவர்கள் பலர். மையம் வரட்டும், ஆனால் அதனால் வாடகை ஏறி நாங்கள் வெளியேற்றப்படாதபடி உறுதி தாருங்கள் என்று கேட்டவர்கள் வேறு பலர். பின்னர் நீதிமன்றங்கள் வழக்கை ஏற்கவில்லை. 2020இல் அக்கம்பக்கத்து வுட்லான் பகுதியின் குடியிருப்போரைக் காக்க நகர்மன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 2021 செப்டம்பரில் கட்டுமானம் தொடங்கியது.

அதே நகரில் நூறாண்டுக்கு முன் இதற்கு நேர்மாறான முடிவும் ஏற்பட்டதுண்டு. ஏரிக்கரை நிலம் கட்டடங்கள் ஏதுமின்றி என்றென்றும் திறந்தவெளியாகவே இருக்க வேண்டும் என்று 1836ஆம் ஆண்டு வரைபடம் ஒன்றில் குறித்து வைத்திருந்தார்கள். அந்த ஒரு குறிப்பைப் பற்றிக்கொண்டு, மாண்ட்கோமரி வார்டு என்ற வணிகர் 1890 தொடங்கி இருபது ஆண்டுகள் வழக்காடினார். அவர் எதிர்த்தவற்றுள் ஃபீல்டு அருங்காட்சியகமும் அடங்கும். அறிவு வளர்க்கும் நிலையத்தைத் தடுக்கிறாரே என்று நகரத்துப் பெரியோர் அவரைத் தூற்றினர். வார்டு வென்றார். அருங்காட்சியகம் வேறிடத்தில், ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில் கட்டப்பட்டு 1921இல் திறக்கப்பட்டது. இன்று அந்நகரத்தார்க்கு அருங்காட்சியகமும் இருக்கிறது. ஏரிக்கரைத் திறந்தவெளியும் இருக்கிறது. இதைக் கேட்டபோது எங்களுக்கு அண்ணாச்சியின் நினைவு வந்தது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

எங்கள் மனம் மாறியது நீதிமன்றத்திலன்று. நிலம் அளந்த அன்றுதான். நகராட்சி ஊழியர்கள் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட வந்தனர். உடன் நாங்களும் சென்றோம். வரைபடத்தில் அந்தக் கீழ்க்கோடி வெறும் வெள்ளைத் தாள். ‘காலியிடம்’ என்றே எழுதியிருந்தது. நேரில் பார்த்தால், பிற்பகலில் பூங்காவிலேயே நல்ல நிழல் விழும் இடம் அதுதான். மூன்று வாகை மரங்கள். மூன்றும் கோட்டுக்குள் வந்தன. அரசு மருத்துவமனைக்கு நோயாளியைக் கூட்டி வந்தவர்கள் அங்கே சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். துணிக்கடையில் நாள் முழுதும் நிற்கும் பெண் பிள்ளைகள் இருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டி அமர்ந்திருந்தார்கள். பூக்கட்டும் அம்மா ஒருவர் கூடையை இழுத்துக் கோட்டுக்கு அப்பால் வைத்துக்கொண்டே எங்களைப் பார்த்துக் கேட்டார்:

“ஐயா, மணி பாக்கதுக்கு எல்லாரு கையிலயும் செல்லு இருக்கு. உக்காருததுக்கு எங்களுக்கு வேற எடம் எங்க இருக்கு?”

எங்களிடம் விடையில்லை. இத்தனை ஆண்டுகள் மேற்கோடியில் நாவல் மரத்தடியில் உட்கார்ந்து உலக நியாயம் பேசிய நாங்கள், கீழ்க்கோடியில் யார் உட்காருகிறார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அவர்கள் நன்கொடை கொடுத்தவர்கள் அல்லர். ஊர்க் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டவர்களும் அல்லர். டாக்டர் யாருக்காக வாழ்ந்தாரோ அவர்களையே எழுப்பிவிட்டு அவருக்குச் சின்னம் வைக்கப் புறப்பட்டிருந்தோம்.

அதன் பிறகே அண்ணாச்சியின் துண்டறிக்கையை ஒழுங்காகப் படித்தோம். பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் காக்கத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டதை அதில் எழுதியிருந்தார். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கில், 1991இல் உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இலக்னோ நகரப் பூங்கா ஒன்றின் அடியில் எழுந்த வணிக வளாகத்தை அகற்றிப் பூங்காவை மீட்குமாறு 1999இல் அதே நீதிமன்றம் ஆணையிட்டது. ஆறும் கடற்கரையும் காடும் போன்ற பொதுச் செல்வங்களுக்கு அரசு உடைமையாளர் அன்று, மக்களுக்காக அவற்றைக் காக்கும் பொறுப்பாளர் மட்டுமே என்ற கோட்பாட்டை 1996இல் ஒரு தீர்ப்பில் அது நிலைநாட்டியது. அத்தீர்ப்பு எடுத்துக்காட்டிய பழைய வழக்குகளுள் ஒன்று, சிகாகோ ஏரிப் பரப்பை இரயில்வே நிறுவனத்துக்குக் கொடுத்தது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1892இல் அளித்த தீர்ப்பு.

நாங்கள் நால்வரும் குழுவிலிருந்து விலகினோம். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதமும் வரவே, நகராட்சி அந்தத் தீர்மானத்தைக் கிடப்பில் போட்டது. நன்கொடையைத் திருப்பிக் கேட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தோம். ஏச்சும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். எஞ்சிய தொகையில், உரிய அனுமதி பெற்று, மருத்துவமனையின் புறநோயாளிகள் வாயிலில் வெயில் மறைக்க ஒரு கூரை போடப்பட்டது. அதில் டாக்டரின் பெயர் இருக்கிறது. மணிக்கூண்டின் உயரம் அதற்கு இல்லைதான். பேருந்தில் ஊருக்குள் நுழைபவர் கண்ணில் அது படாது. இன்றைய இளைஞர் பலருக்கு டாக்டர் யாரென்று தெரியவில்லை என்பதும் உண்மை. இந்த இழப்பை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. பூங்காவைக் காத்ததற்கு ஊர் கொடுத்த விலை அது.

அண்ணாச்சியின் வீட்டுக்கு நாங்களாகவே சென்றோம். மன்னிப்பு என்ற சொல்லை யார் முதலில் எடுப்பது என்று தயங்கி நின்றபோது, அவர் உள்ளே பார்த்து, “நாலு காப்பி போடச் சொல்லுங்கள்” என்றார். அவ்வளவுதான். மறுநாள் ஐந்து மணிக்கு வந்துவிட்டார்.

ஊருக்குப் பொதுவான நிலத்தை நம் முன்னோர் புறம்போக்கு என்றனர். தனியொருவர் பட்டாவில் அடங்காத, வரிக்கணக்குக்குப் புறம்பான, எல்லார்க்கும் உரிய நிலம் என்பது அதன் பொருள். இன்று அது வசைச்சொல்லாகிவிட்டது. எல்லார்க்கும் உரியதை யாருக்கும் உரியதல்ல என்று நாம் எண்ணத் தொடங்கியபோதே அச்சொல்லின் மதிப்பு இறங்கியிருக்க வேண்டும். அன்புக்குரிய வாசகரே, உங்கள் ஊரிலும் ஒரு மைதானமோ பூங்காவோ குளக்கரையோ இருக்கும். அதைக் கேட்டு வருபவர் தீயவராக இருக்க வேண்டியதில்லை. எங்களைப் போல் நன்றியுணர்வு மிக்கவராகவே இருக்கலாம். வரைபடத்தில் காலியிடம் என்று எழுதியிருந்தால், பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அண்ணாச்சி மறைந்து இரண்டு ஆண்டுகளாகின்றன. அவர் நினைவாகப் பூங்காவில் ஏதேனும் செய்ய வேண்டும் என்று சென்ற மாதம் எங்களுள் ஒருவர் பேச்செடுத்தார், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். நாங்கள் சிரித்துவிட்டோம். இப்போது நாவல் மரத்தடியை விட்டு, சில நாள்களில் கீழ்க்கோடி வாகை நிழலுக்கும் போய் அமர்கிறோம். பூக்காரம்மா கூடையைச் சற்றே நகர்த்தி இடம் தருகிறார்.