பாடம் செய்தல்

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குப் ‘பாடம்’ என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. பாடநூல், பாடவேளை, வீட்டுப்பாடம் என்று ஆறு ஆண்டுகள் அந்தச் சொல்லோடுதான் வளர்ந்தோம். ஆனால் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. இறந்த விலங்கின் தோலைப் பதப்படுத்தி, உயிரோடு இருந்தபோது நின்றதுபோல் நிறுத்தி வைப்பதற்கும் தமிழில் ‘பாடம் செய்தல்’ என்றுதான் பெயர். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் நிற்கும் புலி, பாடம் செய்யப்பட்ட புலி.

இந்த இரண்டாவது பொருள் எனக்குத் தெரிய வந்தது பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான். தமிழ்ப்பள்ளி, புகுமுக வகுப்பு, தேசிய இடைநிலைப்பள்ளி என்று வந்தவள் நான். அறிவியலை மலாயில் படித்தேன். இப்போது விலங்கியலை ஆங்கிலத்தில் படிக்கிறேன். ஆய்வகத்தில் எல்லாரும் ‘தக்சிடெர்மி’ என்று சொல்லும் வேலையை என் பாட்டிக்கு எப்படிச் சொல்வது என்று அகராதியைப் புரட்டியபோதுதான் இச்சொல் கிடைத்தது. அதைப் பாட்டிக்கு விளக்க வேண்டிய தேவை, ஒரு சேவலால் வந்தது.

என் தாத்தா பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டு எல்லாரும் தாமானுக்குக் குடிபெயர்ந்தபோது, ஒரு கூடையில் சில கோழிகளையும் கொண்டுவந்தார். அந்த வழியில் மிஞ்சிய கடைசிச் சேவலுக்குத் தாத்தா வைத்த பெயர் ‘கங்காணி’. விடியுமுன் எழுப்பிப் பெரட்டுக்கு அழைப்பதால் அந்தப் பெயர்! சென்ற ஆண்டு விடுமுறைக்கு நான் தாத்தா வீட்டில் இருந்தபோது, கங்காணி முதுமையால் இறந்துபோனது. “நீ யூனிவர்சிட்டியில செத்ததை நிக்க வைக்கப் படிக்கிறியாமே பாப்பா, இவனை எனக்கு நிக்க வச்சுக் கொடு” என்றார் தாத்தா.

எதை வேண்டுமானாலும் பாடம் செய்து வீட்டில் வைத்துவிட முடியாது. முதலில் சட்டம். தீபகற்ப மலேசியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010 (சட்டம் 716) நடப்பில் உள்ளது. அதன் பட்டியலில் உள்ள விலங்கு என்றால், உயிரோடு மட்டுமல்ல, அதன் தோலையோ கொம்பையோ உரிமம் இல்லாமல் வைத்திருப்பதும் குற்றமே. சாலையில் அடிபட்டுக் கிடந்தது என்று ஒன்றை எடுத்துவந்து அலங்காரமாக வைக்க நினைப்பவர்கள் முதலில் பெர்ஹிலித்தானிடம் கேட்க வேண்டும். வீட்டுக்கோழிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாவது, அது எப்படி இறந்தது என்பது. திடீரென்று நோயால் மடிந்த பறவையைத் தொடவே கூடாது. மூன்றாவது, நேரம். நம் நாட்டு வெப்பத்தில் சில மணி நேரம் கடந்தாலே வயிற்றுத் தோல் பச்சை நிறமாகி, இறகுகள் பிடிப்பை இழந்து கையோடு வந்துவிடும். அப்படி ஆன தோலை யாராலும் மீட்க முடியாது. ஆகவே வாயில் பஞ்சு வைத்து, தலையை இறக்கைக்குள் மடித்து, மூன்று பிளாஸ்டிக் பைகளில் சுற்றி உடனே பாட்டியின் ஐஸ்பெட்டியில் வைத்தேன். பாட்டி தம் மீனையும் சம்பாலையும் பக்கத்து வீட்டு ஐஸ்பெட்டிக்கு மாற்றிவிட்டு, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான்காவதாக ஒன்றை எங்கள் ஆய்வக உதவியாளர் பாக்சிக் எப்போதும் சொல்வார்: “வளர்த்த பிராணியைச் செய்வதுதான் எல்லாவற்றிலும் கடினம்.” இணையத்தில் நான் பார்த்துப் பழகிய காணொளிகள் பெரும்பாலும் அமெரிக்கர்களுடையவை. அவர்கள் ஊர் ரக்கூனுக்கு, நுரைப்பொருளால் ஆன உடற்கூட்டை அளவு வாரியாக ஆயத்தமாகவே விற்கிறார்கள். பதனிட்ட தோலை அதன்மேல் போர்த்திக் கண்ணாடிக் கண்களைப் பொருத்துவார்கள். காட்டில் பிடித்த ரக்கூனின் முகம் வாங்குபவருக்குத் தெரியாது. ரக்கூன்போல் இருந்தால் போதும். வளர்த்தவருக்கு அது போதாது. அதன் பார்வை, கழுத்து வளைவு, எந்தக் காலில் பாரத்தை வைக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதனால்தான் செல்லப் பிராணிகளைச் செய்துதர மறுப்பவர்களும் இத்தொழிலில் உண்டு.

ஆய்வகத்தில் இரண்டு புறாக்களையும் ஒரு காடையையும் செய்து பழகியிருந்தேன். எனவே துணிந்து ஒப்புக்கொண்டேன். ஆனால் பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை.

சாமியறை இருக்கும் வீட்டில் செத்ததை வைப்பதா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதை நான் எதிர்பார்த்திருந்தேன். அடுத்து அவர் கேட்டதைத்தான் எதிர்பார்க்கவில்லை. “தோலுரிக்கிற வேலைக்காகவா உன்னை இவ்வளவு தூரம் படிக்க வச்சோம்?”

அன்றிரவு பாட்டி தம் அப்பாவைப் பற்றிச் சொன்னார். தோட்டத்தில் மாடு செத்தால் தூக்கவும் தோலுரிக்கவும் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். வேறு யாரையும் கூப்பிட மாட்டார்கள். “வேலை முடிஞ்சதும் குழாயடிக்கு வராதேன்னு சொல்வாங்க. அவரு ஆத்துக்குப் போய்க் குளிச்சிட்டு வருவாரு. நாங்க அவரோட பிள்ளைங்கன்னு ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும்.” தோலைத் தொட்டவரைத் தள்ளி வைக்கும் வழக்கம் நம் முன்னோர்களோடு கப்பலேறி இங்கும் வந்திருக்கிறது. பாடநூலில் தோட்ட வாழ்க்கையைப் படித்த நான் இதைப் படித்ததில்லை.

அகராதியில் கண்ட சொல்லைப் பாட்டியிடம் சொன்னேன். “இதுக்குப் பேரு பாடம் பண்றது பாட்டி.”

“அது புகையிலைக்குல்ல சொல்லுவாங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “பேரை மாத்துனா வேலை மாறிடுமா?” என்று கேட்டார்.

மாறாது. கத்தி அதே கத்தி, தோல் அதே தோல். அவருடைய அப்பா செய்த வேலைக்குக் கிடைத்தது குழாயடியில் தடை. அதே வேலைக்கு எனக்குக் கிடைப்பது கையுறையும் மதிப்பெண்ணும். இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. “தாத்தா ஆசைப்பட்டுட்டாரு பாட்டி” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை புழக்கடையில் மேசை போட்டு வேலையைத் தொடங்கினேன். முந்தின இரவே உறைநிலையிலிருந்து இறக்கிக் குளிர்ப்பகுதியில் வைத்திருந்ததால் சேவல் இளகியிருந்தது. முதலில் கழுத்து, மார்பு, கால் எல்லாவற்றையும் அளந்து வரைந்துகொண்டேன். கொண்டையும் தாடியும் காய்ந்தால் சுருங்கிக் கறுத்துவிடும். ஆகவே அவற்றுக்கு அச்சு எடுத்து வைத்தேன். பிறகு சிலிக்கோனில் வார்த்து வண்ணம் பூசலாம். நெஞ்செலும்பு வழியே ஒரே நேர்கோடாகத் தோலை மட்டும் கீறி, ஈரம் உறிஞ்ச வெண்காரத் தூளைத் தூவிக்கொண்டே பிரிக்க வேண்டும். வெண்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதுதான். பூச்சி அண்டாமலும் காக்கும். அந்தக் காலத்தில் இதற்கு ஆர்செனிக் நஞ்சு கலந்த சவர்க்காரத்தைப் பூசினார்கள். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் உருவான அம்முறை 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. எனவே பழைய வீடுகளில் இருக்கும் மான் தலைகளை வெறுங்கையால் தொடாமல் இருப்பது நல்லது.

தொடைப்பக்கம் தோல் மிக மெல்லியது. அங்கே நான் தடுமாறுவதைச் சமையலறை வாசலிலிருந்து பாட்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

“இழுக்காதே. கிழிஞ்சிடும். கட்டை விரலால தள்ளு. எங்கப்பா அப்படித்தான் தள்ளுவாரு.”

எங்கள் பாக்சிக் முதல் வகுப்பில் சொன்னதும் இதேதான். இழுத்தால் தோல் நீண்டு வடிவம் கெடும். தள்ளினால் தானாக விலகும். பாட்டி கையுறை எதுவும் கேட்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். உப்பு, படிகாரம், ஆவாரம்பட்டை, கடுக்காய் என்று தோல் பதனிடும் பொருள்களைச் சொல்லிக்கொண்டே போனார். மரப்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புப் பொருள்தான் தோலைக் கெடாமல் காக்கிறது என்பதை நான் ஆங்கிலத்தில் ‘தானின்’ என்று படித்திருந்தேன். பாட்டி அதை அப்பாவின் பேச்சிலிருந்து படித்திருந்தார்.

இறக்கை எலும்பு, கால் எலும்பு, மண்டையோடு ஆகியவற்றைத் தோலோடு விட்டு மற்றதை நீக்கினேன். கொழுப்பைச் சுரண்டி, பாத்திரம் கழுவும் திரவத்தில் அலசி, முடி உலர்த்தும் கருவியால் காய வைத்தேன். நனைந்த துணிபோல் கிடந்தது மெல்ல மெல்லப் பூத்துச் சேவலானது. மரச்சுருளை நூலால் இறுக்கிச் சுற்றி அசல் உடம்பின் அளவில் ஓர் உடம்பு. கழுத்துக்கும் கால்களுக்கும் கம்பி. செம்மஞ்சள் நிறக் கண்ணாடிக் கண்கள். நீக்கிய உடலை மாமரத்தடியில் புதைத்துப் பாட்டி கற்பூரம் ஏற்றினார். அதுவே அவர் போட்ட நிபந்தனை.

எப்படி நிறுத்துவது என்று தாத்தாவைக் கேட்டேன். கூவுவதுபோல் என்பார் என்று நினைத்தேன். “வேணாம். தலையைச் சாய்ச்சு ஒத்தைக் கண்ணால மேல பாக்கட்டும்” என்றார். கோழிக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால், மேலே பருந்து வட்டமிட்டால் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால்தான் பார்க்கும். குஞ்சுகளோடு மேயும்போது கங்காணி அப்படித்தான் நிற்குமாம். கம்பியை வளைக்க வளைக்க, “இன்னும் கொஞ்சம், போதும், இடது காலை முன்ன வை” என்று தாத்தா சொல்லிக்கொண்டிருந்தார். இறகுகள் படிவதற்கு நூல் சுற்றி, ஊசி குத்தி, மூன்று வாரம் காய விட்டேன். கால்களுக்கு மட்டும் மீண்டும் மஞ்சள் பூச வேண்டியிருந்தது.

வேலை முடிந்ததும் தாத்தா நெடுநேரம் பார்த்தார். “இது அவன் இல்லம்மா. ஆனா அவன் நின்ன மாதிரி நிக்குது” என்றார். பாடம் செய்வதால் முடிந்தது அவ்வளவுதான். அதற்குமேல் எதிர்பார்ப்பவர்கள் வளர்த்ததைப் பாடம் செய்யக் கூடாது.

நம் நாட்டு ஈரக்காற்றுக்குப் பூஞ்சை எளிதில் பிடிக்கும். வெயில் பட்டால் நிறம் மங்கும். எறும்பும் தோல் அரிக்கும் வண்டும் காத்திருக்கும். ஆகவே கண்ணாடிப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், மாதம் ஒரு முறை சோதனை. சாமியறைக்கு எதிரே இல்லாமல், முன்வாசல் பக்கம் அலமாரியில் இடம் என்று பாட்டி தீர்மானித்தார்.

நாட்டின் மிகப் பழைமையான அருங்காட்சியகம் 1883இல் தைப்பிங்கில் தொடங்கப்பட்ட பேராக் அருங்காட்சியகம். தமிழ்ப்பள்ளிச் சுற்றுலாவில் அங்கே கண்ணாடிக்குள் நின்ற விலங்குகளைப் பார்த்தபோது, அவற்றை ஒருவர் கையால் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது அதுதான் முதலில் தோன்றுகிறது. ஆய்வகத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும் பெயர், இடம், தேதி, செய்தவர் என்று அட்டை எழுதுவது கட்டாயம். கங்காணிக்கும் தமிழில் ஓர் அட்டை எழுதினேன். பாட்டி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “எங்கப்பா தொட்டதுல எல்லாம் இப்படி எழுதியிருந்தா எத்தனை இருக்கும்” என்றார். ‘பாடம் செய்தவர்’ என்ற வரியில் என் பெயருக்குக் கீழே அவருடைய அப்பாவின் பெயரையும் சேர்த்தேன்.

நண்பர்களே, ஆய்வகத்திலும் பட்டறையிலும் நாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் கற்கும் பல வேலைகளுக்குத் தமிழில் சொல் இருக்கிறது. அந்தச் சொல்லோடு அதைச் செய்த மனிதர்களும் இருக்கிறார்கள், பெரும்பாலும் நம் வீட்டிலேயே. இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, நீங்கள் படிக்கும் பாடத்தைப் பாட்டி தாத்தாவிடம் தமிழில் விளக்கிப் பாருங்கள். அவர்கள் பதிலுக்குச் சொல்வதையும் எழுதி வையுங்கள்.