இடது கைக்கு ஒரு கிட்டார்

5,500 ரூபாய்க்கு ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டார் வாங்கியிருக்கிறோம். ஆணவக் கொலைகளையும் மலக்குழி மரணங்களையும் எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் பக்கத்தில் கிட்டார் கதை எதற்கு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். வாங்குவதற்கு முன்னால் நாங்களும் கேட்டோம். அதை அந்தத் தம்பியிடமே கேட்டோம் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

வியாசர்பாடியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு மாலைநேர வகுப்பு நடத்துகிறோம். தம்பி அங்கே படித்தவன். பத்தாம் வகுப்பு முடித்ததும் தேவாலயத்தில் இரவல் கிட்டார் வாங்கி இரண்டு வருடம் பழகினான். பிறகு அம்பத்தூர் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்குப் போனான். ஒரு இரவு ஷிஃப்டில் இடது கையின் நடுவிரலிலும் மோதிர விரலிலும் முதல் கணு போய்விட்டது. இரண்டு கைகளும் இரண்டு பட்டன்மேல் இருந்தால்தான் கீழே இறங்கவேண்டிய பிரஸ் அது. கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருப்பார்கள். பட்டனை அழுத்த ஆகும் நேரத்தை மிச்சம் பிடிக்க, அதைக் காலால் மிதிக்கும் பெடலாக மாற்றி வைத்திருந்தார்கள். இ.எஸ்.ஐ. அட்டை கிடையாது. ஆஸ்பத்திரியில் 20,000 ரூபாயைக் கையில் திணித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

இழப்பீட்டு மனு எழுத உட்கார்ந்தபோதுதான் 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையை வரிவரியாகப் படித்தோம். நடுவிரலில் ஒரு கணு போனால் சம்பாதிக்கும் திறனில் 7 சதவீத இழப்பு. மோதிர விரலில் ஒரு கணுவுக்கு 5. ஆக 12. எங்களில் இருவர் சமூகவியலில் முதுகலை படித்தவர்கள். உழைப்பு, உடல், மதிப்பு என்று பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். ஆனால் ஒருவன் தன் கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு "பன்னெண்டு பர்சன்ட்டா அக்கா?" என்று கேட்டபோது என்ன சொல்வதென்று தெரியவில்லை. கிட்டாரில் அந்த இரண்டு விரலும் போனால் நூற்றுக்கு நூறு போன மாதிரிதான். தந்தியை அழுத்துவது இடது கை. அழுத்த அங்கே நுனி இல்லை.

அப்போதுதான் நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம். பறைக்கு விரல் நுனி தேவையில்லையே, குச்சியைப் பிடிக்க முடிந்தால் போதுமே, பறை கற்றுக்கொள் என்றோம். நல்ல எண்ணத்தில்தான் சொன்னோம். பறைப் பட்டறைகள் நடத்தியிருக்கிறோம். இழவு வீட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட பறை இன்று மேடையில் எழுந்து நிற்பதைப் பெருமையோடு பேசுகிறவர்கள் நாங்கள். தம்பி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "தாத்தா அடிச்சாரு. அப்பாவ அடிக்க வேணாம்னு அவரே தடுத்துட்டாரு. நீங்க என்னைத் திரும்ப அடிக்கச் சொல்றீங்க" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பறை இழிவு என்று அவன் சொல்லவில்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் முதல் கச்சேரிக்கு எங்களோடு வந்து, கூட்டத்தில் நின்று பார்த்தவன். கானாவும் பறையும் எலக்ட்ரிக் கிட்டாரும் ஒரே மேடையில் நின்றன. அவன் கண் கிட்டார்மேல் இருந்தது, அவ்வளவுதான். உங்கள் ஆட்களுக்கு இதுதான் வரும் என்று ஊர் சொல்வதற்கும், உனக்கு இதுதான் விடுதலை என்று நாங்கள் சொல்வதற்கும் நடுவில் அவன் மாட்டிக்கொண்டான். இதை எங்கள் கூட்டத்திலேயே பேசினோம். ஒரு தோழர் இன்னமும் ஒத்துக்கொள்ளவில்லை. மேற்கத்தியக் கருவிமேல் நமக்கு ஏன் இந்த மோகம் என்கிறார். அவரும் கிட்டாருக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தார்.

தம்பி ஏற்கெனவே தேடிப் பார்த்து வைத்திருந்தான். 1965இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் டோனி அயோமி என்ற 17 வயதுப் பையனுக்குத் தகரப் பட்டறையில் இதே மாதிரி இரண்டு விரல் நுனி போனது. அன்றைக்கு அந்த வேலையில் அவருக்குக் கடைசி நாள். அவர் இடது கைப் பழக்கக்காரர், அதனால் தந்தி அழுத்தும் கை வலது கை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார் கலைஞர் அவர்தான். தம்பியும் பாட்டிலை உருக்கித் தொப்பி செய்தான். சென்னை வியர்வையில் அது இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை.

மீதி இருந்தது ஒரே வழி, கையை மாற்றுவது. தந்தியை வலது கை அழுத்தட்டும், இடது கை மீட்டட்டும். பிளெக்ட்ரம் பிடிக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும், இரண்டும் முழுசாக இருக்கின்றன. இரண்டு வருடம் பழகியதைத் திரும்ப அ, ஆவிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு அவன் தயார். கிட்டார்தான் தயாராக இல்லை. இடது கைக்கென்றே செய்த கிட்டார் நம் கடைகளில் அபூர்வம், இருந்தால் நமக்குக் கட்டுப்படியாகாது. மர உடம்புள்ள சாதாரணக் கிட்டாரைத் திருப்பிப் போட்டால் சுருதி ஒத்துவராது, ஏனென்றால் தந்திகள் உட்காரும் கட்டை சாய்வாக ஒட்டப்பட்டிருக்கும். எலக்ட்ரிக் கிட்டாரில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனி இருக்கை. ஸ்க்ரூ டிரைவரால் முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளலாம். கறுப்பினக் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வலது கை ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டித்தான் வாசித்தார்.

(இடது, வலது என்று இதையெல்லாம் பேசும்போது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. சாதிகளையே வலங்கை, இடங்கை என்று பிரித்து வைத்திருந்த ஊர் இது. 1707இல் இதே பட்டணத்தில் இரண்டு கைக்காரர்களும் எந்தத் தெரு யாருக்கு என்று மோதிக்கொண்டபோது, கவர்னர் தாமஸ் பிட் பெத்தநாயக்கன்பேட்டையை வலங்கைக்கும் முத்தியால்பேட்டையை இடங்கைக்கும் ஒதுக்கிப் பஞ்சாயத்து செய்தார்.)

முதலில் ஒரு பெரிய இசைக்கருவிக் கடைக்குப் போனோம். சுவரில் வரிசையாகத் தொங்கிய கிட்டார்களுக்குமேல் 'தயவுசெய்து தொடாதீர்கள்' என்று பலகை. எல்லோருக்கும் வைத்த பலகைதான், தெரியும். ஆனாலும் எங்களுக்கு முன்னால் வந்த ஒரு பையன் மூன்று கிட்டாரை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தான், யாரும் எதுவும் சொல்லவில்லை. தம்பி கையை நீட்டியதும் விற்பனையாளர் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு எங்கள் செருப்பைப் பார்த்தார், பிறகு பலகையைக் காட்டினார். காரணம் விரலா, செருப்பா, நிறமா? நாங்கள் ஆராய்ச்சி செய்யவில்லை. வெளியே வந்து டீ குடித்தோம்.

கிடைத்தது பெரம்பூரில், மெல்லிசைக் குழுக்களில் முப்பது வருடம் வாசித்த ஒரு பெரியவரிடம். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தலைப்பகுதியில் கம்பெனிப் பெயர் தேய்ந்து போயிருந்தது. முழங்கை உரசும் இடத்தில் சிவப்புப் பெயின்ட் போய் மரம் தெரிந்தது. முதல் மூன்று ஃப்ரெட்களில் தந்தி அழுந்தி அழுந்திப் பள்ளம். விலை 7,000 என்றார். இடது கைக்கு மாற்றப் போகிறோம் என்றதும் முகம் மாறியது. "முப்பது வருஷம் சோறு போட்டதுப்பா, அதைப் போய் தலைகீழா..." என்று இழுத்தவர், தம்பியின் கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். தடவிப் பார்த்தார். "பிரஸ்ஸா?" என்றார். அவர் தம்பி ஐ.சி.எஃப்.பில் இருந்தவராம். விலை 5,500 ஆனது. நாங்கள் நான்கு பேரும் ஆளுக்கு ஆயிரம் போட்டோம், மீதி 1,500 தம்பியுடையது.

மாற்றுவது பத்து நிமிட வேலை என்று நினைத்திருந்தோம். இரண்டு மாதம் ஆனது.

தந்தியை மாற்றிக் கட்டினால் மட்டும் போதாது. கழுத்தின் முனையில் ஆறு தந்தியும் வந்து உட்காரும் வெள்ளைப் பட்டை ஒன்று உண்டு, நட் என்பார்கள். அதில் தடித்த தந்திக்கு அகலமான வெட்டு, மெல்லிய தந்திக்குக் குறுகிய வெட்டு. திருப்பிப் போட்டால் தடித்த தந்தி உள்ளே இறங்காது, மெல்லியது உள்ளே ஆடும். புது நட் வேண்டும். நல்ல நட் எலும்பில் செய்வது, மாட்டெலும்பு என்று மாஸ்டர்தான் சொன்னார். தம்பி எங்களைப் பார்த்தான், நாங்கள் அவனைப் பார்த்தோம். மாட்டெலும்புக்கு வியாசர்பாடியில் பஞ்சமா?

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஒரு கால் எலும்பு வாங்கினோம். சூப்பை நாங்கள் குடித்தோம். எலும்பைத் திரும்பவும் சோப்புத்தூள் போட்டு வேகவைத்து, கொழுப்பை எடுத்து, ஒரு வாரம் மொட்டை மாடியில் காயவைத்தோம். காக்கையிடமிருந்து காப்பாற்றியதே பெரிய வேலை. பிறகு ஆக்ஸா பிளேடால் அறுத்து, அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து 42 மில்லிமீட்டர் நீளப் பட்டையாக்கினோம். தேய்க்கும்போது வந்த வாடையில் மையத்துப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். முதல் பட்டையில் மெல்லிய தந்திக்கான வெட்டு அரை மயிரிழை ஆழமாகப் போய், தந்தி ஃப்ரெட்டில் உரசி ஈ மாதிரி ரீங்காரம் போட்டது. மறுபடி அறுத்தோம். இரண்டாவது பட்டைதான் இப்போது இருப்பது. மிருதங்கத்தின் தோல் யாருடையது, அதை உரித்துப் பதப்படுத்தும் கை யாருடையது என்று டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். கிட்டார் விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை. எங்கள் மாடு, எங்கள் அரம்.

மின்சார வேலையை மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தோழர் பார்த்துக்கொண்டார். பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே பாலத்துக்குப் போகும் எர்த் ஒயர் அறுந்து கிடந்தது. தந்தியைத் தொட்டாலும் இரைச்சல் அடங்காததற்கு அதுதான் காரணம். பற்றவைத்தார். வால்யூம் குமிழ் கரகரவென்றது, ரிச்சி தெருவில் புதிதாக வாங்கினோம். ஏ 250கே கேட்டதற்கு பி 250கே கொடுத்துவிட்டார்கள். வால்யூம் படிப்படியாகக் குறையாமல் திடீரென்று விழுகிறது. பரவாயில்லை என்று விட்டுவிட்டோம். கிட்டாரைத் திருப்பியதால் குமிழ்கள் மேல்பக்கம் வந்துவிட்டன. மீட்டும்போது கை பட்டுத் தானாக வால்யூம் குறைந்தது. தந்திக்குப் பக்கத்திலிருந்த குமிழைப் பிடுங்கிவிட்டு, கடைசிக் குமிழை வால்யூமாக்கினார் தோழர். பிடுங்கிய ஓட்டை அப்படியே இருக்கிறது. தோளில் மாட்டும் வாருக்கு மறு கொம்பில் ஓட்டை போட வேண்டியிருந்தது. டிரில்லைத் தம்பி யாரிடமும் தரவில்லை, அவனே போட்டான்.

ஒலிபெருக்கி இல்லை. எங்கள் பகுதி சவுண்ட் சர்வீஸ் அண்ணனின் பெட்டியில் செருகித்தான் முதல்முறை கேட்டோம். அன்று காலை ஒரு சாவு வீட்டிலிருந்து இறக்கிய பெட்டி அது. தந்தியைத் தொட்டதும் தம்பி கையை உதறினான், ஷாக். கிட்டாரில் கோளாறு இல்லை. பிளக்கில் மூன்றாவது முள் இருந்தது, அது போய்ச் சேர மண்ணில் எர்த் கம்பிதான் இல்லை. அந்த வரிசை முழுக்க எந்த வீட்டிலும் இல்லை. மையத்துக்கு மட்டும் எலக்ட்ரீஷியன் தோழரை வைத்து எர்த் போட்டோம், 1,800 ரூபாய். மற்ற வீடுகளுக்காக மனு கொடுத்திருக்கிறோம்.

இப்போது நான்கு மாதம். தம்பி ஜி, சி, டி மூன்று கார்டும் பிடிக்கிறான். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும்போது இன்னும் தடுமாற்றம். எஃப் வரவில்லை. இழப்பீட்டு வழக்கில் இரண்டு வாய்தா போயிருக்கிறது. அவன் தங்கள் தொழிலாளியே இல்லை என்று எதிர்த்தரப்பு பதில் மனு போட்டிருக்கிறது.

போன ஞாயிறு மாஸ்டர் மையத்துக்கு வந்தார். கிட்டாரை மடியில் வாங்கி வைத்தார். கை தானாக எங்கேயோ போய் எங்கேயோ நின்றது. ஒரு கார்டுக்கு முயன்றார், தப்பான சத்தம் வந்தது. இன்னொரு தடவை முயன்றார். "என் கிட்டாரு எனக்கே வரலையேப்பா" என்று சிரித்துவிட்டுத் தம்பியிடம் நீட்டினார். அவன் வாங்கி மூன்று கார்டையும் வாசித்தான். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "நாலாவது தந்தி எறங்குது பாரு. முறுக்காணி வழுக்குது, அதுல இருக்குற ஸ்க்ரூவ கொஞ்சம் டைட் பண்ணு" என்றார்.