பாடாலூரில் ஓர் அயர்லாந்து ரொட்டி

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடந்ததும் பாடாலூர் வருகிறது. வருகிறது என்று எழுதுகிறேனேயன்றி, பேருந்தில் செல்வோர் பலருக்கு அவ்வூர் வருவதும் தெரிவதில்லை, போவதும் தெரிவதில்லை. இச்சாலையை நான்கு வழியாக்கியபோது உளுந்தூர்ப்பேட்டை முதல் பாடாலூர் வரை ஒரு பகுதியாகவும், பாடாலூர் முதல் திருச்சி வரை மற்றொரு பகுதியாகவும் பிரித்தே வேலை செய்தார்கள். ஆகவே ஒப்பந்தத் தாள்களில் இவ்வூரின் பெயர் மிகப் பெரியது. ஊரோ சிறியது. சுற்றிலும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் காடுகள். செட்டிகுளம் பக்கம் சென்றால் சின்ன வெங்காயம். வெயில் காலத்தில் இங்கே நிழலுக்காக ஒதுங்குவோர் தேநீர்க் கடையைத்தான் தேட வேண்டும்.

அத்தகைய தேநீர்க் கடை ஒன்றில்தான், வாசகப் பெருமக்களே, அடியேன் சென்ற ஆண்டு மூன்று நாள்கள் ரொட்டி சுட்டேன். பங்குப் பணியை விட்டுவிட்டு இதென்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் பங்கு மக்களும் கேட்டார்கள். அதற்கு விடை கூற, ஒரு கடிதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கடிதம் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலிருந்து வந்தது. எழுதியவர் ஓர் அயர்லாந்துப் பெண்மணி. 2014-ஆம் ஆண்டுக் கோடையில், அயர்லாந்து நாட்டின் கார்க் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், விடுமுறையில் சென்ற பங்குத்தந்தைக்குப் பதிலாக ஆறு வாரம் பணியாற்றினேன். அப்போது எனக்கு உணவளித்த மூதாட்டியின் மகள் இவர். தாயார் 2019-இல் இறைவனடி சேர்ந்துவிட்டார். "அம்மா தினமும் சுட்ட ரொட்டியின் அளவு எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்டால் கைக்குத் தெரியும் என்பார். நீங்கள் அருகில் நின்று ஏதோ குறித்துக் கொண்டதாக அம்மா ஒருமுறை சொன்னார். அந்தக் குறிப்பு இன்னும் இருக்கிறதா?" என்பதே கடிதத்தின் சாரம்.

குறிப்பு இருந்தது. பழைய நாட்குறிப்பில் தமிழில் எழுதியிருந்தேன்: "குவளை 4 மாவு. கரண்டி 1 சோடா. கரண்டி 1 உப்பு. மாவு கேட்குமளவு மோர். பிசையாதே. சிலுவை கீறு." இவ்வளவுதான். எந்தக் குவளை, எந்தக் கரண்டி என்று எழுதவில்லை. நம் மொழியில் தேக்கரண்டியும் கரண்டி. குழம்பு ஊற்றுவதும் கரண்டி. ஒரு குடும்பத்தின் ரொட்டி என் கவனக்குறைவால் அந்த ஒரு சொல்லில் சிக்கிக் கிடந்தது. சுட்டுப் பார்த்துச் சரியான அளவைக் கண்டுபிடித்த பிறகே பதில் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

இந்த ரொட்டியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தில் விளையும் கோதுமை மென்மையானது. ஈஸ்ட் இட்டு உப்ப வைக்கும் ரொட்டிக்கு வேண்டிய பசைத்தன்மை அதில் குறைவு. ஏழைகளின் வீட்டில் அடுப்பு அறையும் இல்லை. ஆனால் பசு உண்டு, வெண்ணெய் கடைந்தபின் மிஞ்சும் புளித்த மோர் உண்டு. நிக்கோலா லெப்லான் என்ற பிரெஞ்சுக்காரர் 1791-இல் சாதாரண உப்பிலிருந்து சோடா செய்யும் வழிக்கு உரிமை பெற்றார். அதன்பின் படிப்படியாகச் சோடா மலிந்து, ஏழைகளின் சமையலறைக்கும் வந்தது. அமெரிக்காவிலோ அதற்கு முன்பே மரச் சாம்பலிலிருந்து எடுத்த உப்பை மாவில் இட்டு வந்தார்கள். அமீலியா சிம்மன்ஸ் 1796-இல் வெளியிட்ட சமையல் நூலில் அது இடம்பெற்றிருக்கிறது. அயர்லாந்தின் நியூரி ஊர்ப் பத்திரிகையில் வந்த சோடா ரொட்டிச் செய்முறை ஒன்றை, லண்டனின் உழவர் இதழ் ஒன்று 1836-இல் எடுத்து வெளியிட்டது. கோதுமை மாவு, உப்பு, சோடா, நன்கு புளித்த மோர் ஆகிய நான்குதான் அதிலும்.

புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் கரியமில வாயு எழும்புகிறது. அதுவே மாவை உயர்த்துகிறது. ஈஸ்ட் மணிக்கணக்கில் செய்வதைச் சோடா நொடியில் செய்துவிடுகிறது. ஆதலால் மாவைப் பிசைந்து கொண்டிருக்கவும் கூடாது, காக்க வைக்கவும் கூடாது. மேலே கீறும் சிலுவைக் குறியைத் தேவதைகள் வெளியேற வைக்கும் வாயில் என்று அந்நாட்டார் வேடிக்கையாகச் சொல்வார்கள். தடித்த ரொட்டியின் நடுப்பகுதிக்கும் சூடு எட்டுவதற்கு அக்கீறல் உதவுகிறது. வெந்தபின் நான்காகப் பிட்கவும் எளிது. ஆயினும் என் மூதாட்டி கத்தியை வைக்கும்போது உதடுகள் அசைவதை நான் கண்டிருக்கிறேன்.

1845-இல் உருளைக்கிழங்கு நோய் கண்டு, அதன்பின் வந்த ஆண்டுகளில் அந்நாட்டில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் நாட்டைவிட்டு வெளியேறினர். அப்போது கல்கத்தாவில் இருந்த அயர்லாந்துப் படைவீரரும் பிறரும் பணம் திரட்டி அனுப்பினார்கள் என்பது நம் நாட்டார் நினைவில் கொள்ளத்தக்கது. நம் பக்கமும் அத்தொடர்பு பழையதே. 1834-இல் சென்னைக்கு மறைமாவட்டப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்ட ஆயர் டேனியல் ஓ'கானர் அயர்லாந்துக்காரர். 1842-இல் பிரசன்டேஷன் அருட்சகோதரிகளும், 1875-இல் பாட்ரீசியன் அருட்சகோதரர்களும் அங்கிருந்தே சென்னைக்கு வந்து பள்ளிகள் நடத்தினார்கள். அச்சகோதரிகள் கப்பலேறிய காலத்தில் அவர்கள் ஊரில் சோடா ரொட்டி பரவத் தொடங்கியிருந்தது.

பாடாலூருக்குத் திரும்புவோம். பங்கு இல்லத்தில் ரொட்டி சுடும் அடுப்பு இல்லை. கார்க் மூதாட்டியோ தம் பாட்டியார் காலத்து இரும்புச் சட்டி ஒன்றை எனக்குக் காட்டியிருந்தார்: மூன்று கால், தட்டையான அடி, குழிந்த மூடி. புல்கரி நெருப்பின்மேல் வைத்து, மூடியின்மேலும் தணலை அள்ளி வைப்பார்களாம். அப்படி ஒரு சட்டியும் விறகடுப்பும் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தபோதுதான் தேநீர்க் கடை அம்மாவை அறிந்தேன். கணவரை இழந்தவர்; ஒரே மகன் குவைத்தில். சாலை அகலமானபோது கடையின் முன்பாதி போயிற்று. மீதியில் போண்டாவும் தேநீரும் விற்கிறார்.

"கேக்கா சாமி?" என்றார்.

"ரொட்டி அம்மா. ஈஸ்ட் போடாத ரொட்டி."

"ரொட்டி காய்ச்சல்காரங்க சாப்பிடறதாச்சே" என்று சற்று ஏமாற்றத்துடன் அடுப்பைப் பற்ற வைத்தார்.

முதல்நாள் கரண்டி என்பதை மேசைக்கரண்டி என்று கொண்டேன். விளைவு மஞ்சள் பூத்த ஒரு கல். வாயில் வைத்தால் சலவைக் கட்டியின் சுவை. அந்த அம்மா ஒரு துண்டை மென்று, மரியாதையாக வெளியே சென்று துப்பிவிட்டு வந்தார். "சோடா தூக்கலாப் போச்சு சாமி. ஒரு படி போண்டா மாவுக்கே நான் இவ்வளவு போட மாட்டேன்" என்றார். இருபது ஆண்டு போண்டா சுட்டவரிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இரண்டாம் நாள் தேக்கரண்டியால் தலைதட்டி ஒரு கரண்டி போட்டோம். சலவைச் சுவை போயிற்று; ஆனால் ரொட்டி உயரவில்லை. அடி தீய்ந்து, நடு களியாக நின்றது. தீயில் வைத்தது பருத்திமார். அது பற்றும் வேகத்தில் அணைந்தும் விடும், தணல் நிற்காது. மற்றக் குறையைக் கண்டுபிடித்தவரும் அந்த அம்மாவே. "நம்ம மோரு தண்ணி சாமி. அவங்க ஊர்ல வெண்ணெய் எடுத்ததும் அப்படியே ஊத்துவாங்க. நாம அரைப்படித் தயிருக்கு ரெண்டு படித் தண்ணி ஊத்துறோம்." குறிப்பில் "மோர்" என்று எழுதியபோது என் மனத்தில் இருந்தது நம் வீட்டு நீர்மோர். ஆக, கரண்டியில் மட்டுமன்று, மோரிலும் என் தமிழ் என்னை ஏமாற்றியிருந்தது!

அன்று மாலை மறைக்கல்விக்கு வந்த சிறுவர்களிடம் இதைச் சொல்லி வைத்தேன். அவர்களில் ஒருவன், "சாமி, கல்லு மேலயும் அப்படிப் பொங்குமே" என்றான். உண்மைதான். பாடாலூருக்கு அருகே உள்ள ஊட்டத்தூரின் பெயரை உலகின் மண்ணியல் நூல்கள் அறியும். பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேய அறிஞர் 1860-களில் இப்பகுதிப் பாறைகளை ஆராய்ந்து, ஓர் அடுக்குக்கு இவ்வூர்ப் பெயரையே இட்டார். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. காரையின் செம்மண் ஓடைகளில் இன்றும் கடலுயிர்களின் எச்சங்கள் கிடைக்கின்றன. கருடமங்கலத்துச் சுண்ணாம்புக் கல்லிலோ சிப்பிகள் நெருங்கிக் கிடக்கின்றன. அக்கல்லைப் பொடித்து எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் நுரைக்கிறது. ரொட்டியை உயர்த்தும் அதே வாயுதான் அங்கும் எழுகிறது. பெல்ஜிய நாட்டு எர்னஸ்ட் சால்வே 1860-களில் கண்ட முறையில் சோடா செய்ய வேண்டுவன உப்பும் அம்மோனியாவும் சுண்ணாம்புக் கல்லும் அல்லவா? பாடாலூர் வழியே ஓடும் இந்த நெடுஞ்சாலை தெற்கே முடிவது தூத்துக்குடியில். அங்குள்ள சோடாத் தொழிற்சாலையில், கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து சோடாச் சாம்பல் செய்யும் முறையை 2016-இல் தொடங்கினார்கள். சிறுவர்கள் இதை ஆர்வத்துடன் கேட்டார்கள். அன்று மறைக்கல்வி சற்றுக் குறைந்து போனதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் எல்லாம் மாறிற்று. முதல்நாளே உறையூற்றிப் புளிக்க வைத்த தயிரை, வெண்ணெய் எடுத்து, தண்ணீர் சேர்க்காமல் வைத்திருந்தார் அந்த அம்மா. அடுப்பில் சீமைக்கருவேல விறகு. அதன் தணல் நிற்கும். சட்டிக்கு மூடியாகப் பழைய தோசைக்கல், அதன்மேல் ஒரு முறம் கங்கு. ரேஷன் கோதுமையை அரைத்த மாவு பாதி, மைதா பாதி. கையை விரித்துக் குழியாக்கி மோரை ஊற்றி, ஒரு சுற்றுக் கலந்து, உருட்டி, இரண்டு அங்குல உயரத்துக்குத் தட்டி, சிலுவை கீறிச் சட்டியில் இட்டோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. எடுத்துக் கவிழ்த்து அடிப்பாகத்தைத் தட்டினேன். பானையைத் தட்டுவதுபோல் வெற்றொலி கேட்டது. கார்க் மூதாட்டி அவ்வொலிக்குத்தான் காது கொடுத்துக் காத்திருப்பார்.

சூடாகப் பிட்டு வெண்ணெய் தடவி உண்டேன். பத்து ஆண்டுகள் கழித்து அதே சுவை. அம்மூதாட்டியின் வீட்டில் மேசையைச் சுற்றி ஐந்து நாற்காலிகள் இருக்கும். கணவர் மறைந்து, மக்கள் சிட்னியிலும் பாஸ்டனிலும் குடியேறிய பிறகும், தினம் ஒரு முழு ரொட்டி சுட்டார். கால் பங்கு அவருக்கு, கால் பங்கு எனக்கு. மீதி அரை ரொட்டியைத் துணியில் சுற்றி அண்டை வீட்டு முதியவருக்குக் கொண்டு போவார். சிறிதாகச் சுடலாமே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். சிறிய ரொட்டிக்கு அளவு தெரியாது என்றார். இதைத் தேநீர்க் கடை அம்மாவிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் மூணு பேருக்குத்தான் சாமி உலை வைக்கிறேன்" என்றார்.

குடும்பத் தலைவியருக்காக அளவுகளைத் தருகிறேன். மாவு 450 கிராம். சமையல் சோடா தேக்கரண்டியால் தலைதட்டி 1. உப்பும் அவ்வாறே 1. தண்ணீர் சேராத புளித்த மோர் 350 முதல் 400 மில்லி. மின் அடுப்பு உள்ளோர் 230 பாகைச் சூட்டில் 15 நிமிடமும், பின் 200 பாகையில் 30 நிமிடமும் வைக்கலாம். சோடாவில் கட்டி இருந்தால் சலித்துக் கொள்ளவும். அன்றன்றே உண்டுவிட வேண்டும், மறுநாள் காய்ந்துவிடும்.

சிட்னிக்குப் பதில் எழுதினேன். மூன்று வாரத்தில் மறுமொழி வந்தது. முதல் ரொட்டி சரியாக வந்துவிட்டதாகவும், தட்டிப் பார்த்த ஒலியைத் தொலைபேசியில் பாஸ்டனிலுள்ள தம்பிக்குக் கேட்க வைத்ததாகவும் எழுதியிருந்தார்.

தேநீர்க் கடையில் இப்போது சனிக்கிழமைதோறும் அந்த ரொட்டி கிடைக்கிறது. சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் அரிந்து போட்டுச் சுடுகிறார். கார்க் மூதாட்டி கண்டிருந்தால் என்ன சொல்வாரோ, லாரி ஓட்டுநர்கள் விரும்பி வாங்குகிறார்கள். குவைத்திலுள்ள மகன் அதன் படத்தைப் பார்த்துவிட்டு, அறையில் தானே சுட்டுப் பார்க்க அளவு கேட்டானாம். "கைக்குத்தான் தெரியும், சாமிகிட்ட கேளு, எழுதி வெச்சிருக்காரு" என்று சொல்லியிருக்கிறார் தாயார். அவன் கேட்டான், அனுப்பிவிட்டேன். இம்முறை எந்தக் கரண்டி என்பதையும் எழுதியிருக்கிறேன்.