அழியா எழுத்தும் திருத்தமும்

எமது ஊர் அரியாலை. ஒருபுறம் யாழ்ப்பாணப் பட்டினம், மறுபுறம் கடனீரேரி, ஊரூடே செல்வது கண்டி வீதி. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அவ்வீதி முகமாலையில் அடைபட்டபின், கொழும்பிலிருந்து வரவேண்டிய சிறு பொருளும் எமக்கு அரும்பொருளாயிற்று. அக்காலத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கே கூற விரும்புகின்றோம்.

நாம் அப்போது ஆசிரியத் தொழிலுக்குப் புதியோம். எம்மிடம் படித்த மாணவன் ஒருவன் தந்தையின் தோட்டக் கிணற்று மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி செய்ய முனைந்தான். அது விளையாட்டன்று. குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உவர் மேலேறும். உவரான கிணறு மீள்வது எளிதன்று. எனவே இருபது நிமிடம் இறைத்ததும் மோட்டார் நிற்கவேண்டும்.

கருவியின் மூளையாக அவனிடம் இருந்தது ‘பிக் 16சி54’ என்னும் மைக்ரோகொன்ரோலர். கட்டளைகளை எழுத 512 இடங்கள் கொண்ட குட்டிக் கணினிச் சில்லு. பாதை திறந்திருந்த நாளில் வாங்கி வைத்த ஒன்றே ஒன்று. அவ்வகைச் சில்லில் ஒருமுறை எழுதியதை அழிக்க இயலாது. புதிய சில்லில் எல்லா இடமும் ஒன்றுகளே. எழுதுதல் என்பது வேண்டிய ஒன்றுகளை மின்சாரத்தாற் பூச்சியமாக்குதல். பூச்சியத்தை மீண்டும் ஒன்றாக்கப் புறஊதாக் கதிர் வேண்டும். சில்லின் பிளாத்திக்கு உறையிலோ அக்கதிர் புகச் சாளரம் இல்லை.

அவன் தாளில் எழுதிய கட்டளைகளை நாம் பார்வையிட்டுக் கையொப்பமும் இட்டோம். சில்லில் எழுதி ஓட்டியபோது மோட்டார் இருபது நிமிடத்தில் நிற்கவில்லை. அறுபதில் நின்று, உடனே மீண்டும் ஓடத் தொடங்கிற்று. பிழைகள் இரண்டு. எழுதியவன் அவன், காணாது விட்டவர் நாம்.

“சேர், இனி இதைக் குப்பையிலைதான் போடவேணும்,” என்று அவன் கண் கலங்கினான்.

“பொறு தம்பி. ஓலையிலே கீறின எழுத்தையும் அழிக்கேலாது. அதுக்காக எங்கடை முன்னோர் ஏட்டையே எறிஞ்சவையோ?” என்றோம். சொல்லிவிட்டோமேயன்றி, அவ்வேளை வழி எமக்கும் தெரியாது.

அன்றிரவு இருவரும் தாளை விரித்து உட்கார்ந்தோம். 60 என்பது 32, 16, 8, 4 ஆகியவற்றின் கூட்டு. 20 என்பது 16, 4 என்பவற்றின் கூட்டு. ஆகவே 32க்கும் 8க்கும் உரிய ஒன்றுகள் இரண்டையும் பூச்சியமாக்கினால் அறுபது இருபதாகிவிடும். இருபதை அறுபதாக்க வேண்டியிருந்தாலோ வழியே இல்லை.

மற்றப் பிழை, மீண்டும் தொடக்கத்துக்குத் தாவச்செய்யும் இறுதிக் கட்டளை. அச்சில்லின் மொழியில் ஒரு கட்டளையின் பன்னிரு நிலைகளும் பூச்சியமானால் ‘ஒன்றும் செய்யாது கடந்து செல்’ என்பது பொருள். எனவே அதனை முற்றாகப் பூச்சியமாக்கினோம். அதன் பின்னே எழுதப்படாத இடம் நிறைய இருந்தது. ‘மோட்டாரை நிறுத்து, பொத்தானை அழுத்தும்வரை காத்திரு’ என்னும் புதிய கட்டளைகளை அங்கே எழுதினோம். ‘சில்லு வெறுமையாக இல்லை’ எனக் கணினி எச்சரித்தது, துணிந்து எழுதுவித்தோம். மறுநாள் கிணற்றடியில் இருபதாம் நிமிடத்தில் மோட்டார் ஓய்ந்தது. பையனின் தந்தை ஒன்றும் பேசாது ஒரு செம்பு தண்ணீர் அள்ளி எம்மிடம் நீட்டினார்.

இத்தகைய அழியா எழுத்தை விரும்பித் தேடுவோரும் உளர். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலாக 1982இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியிற் பயன்பட்டது. அதனை உருவாக்கியதில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திற் பொறியியலாளராயிருந்த எழுத்தாளர் சுஜாதாவுக்கும் பங்குண்டு. அவ்வியந்திரத்தின் கட்டளைகள் ஒருமுறை மட்டும் எழுதத்தக்க சில்லில் உள்ளன. அவற்றை மாற்ற இயலாது என்பது தேர்தல் ஆணையத்தின் விளக்கம். எழுதிய சில்லிலும் மேலும் பூச்சியங்களை எழுதலாம் என்பதைக் கண்ணாற் கண்ட எமக்கோ ஒன்று தோன்றுவதுண்டு: சில்லின் இயல்பு மாத்திரம் போதாது, முத்திரையும் காவலும் பலர் கண்ணும் வேண்டும். அவ்வியந்திரங்களுக்குக் கட்சி முகவர்கள் முன்னிலையில் முத்திரையிடுவதும் அதனாலன்றோ!

அழிக்க முடியாதது வேறு; திருத்த முடியாதது வேறு. திருத்துவதற்கு வேண்டியவை இரண்டு: பிழையை ஒப்புக்கொள்ளும் மனம், அதன் பின்னே விட்டுவைத்த சிறிது வெற்றிடம்.

அந்தத் தாளை அன்று அவன் கிழிக்கப் போனான். நாம் தடுத்து வாங்கிக்கொண்டோம். இன்றும் புதிய வகுப்புக்கு முதல்நாட் செல்லும்போது அதனை எடுத்துச் செல்கின்றோம். 60இன் மேல் ஒரு கோடு, அருகே 20, கீழே எமது கையொப்பம் இரண்டு. ஒன்று பிழையைக் காணாது இட்டது; மற்றது கண்டபின் இட்டது.