எழுத்துப் பிறக்கும் இடங்கள்

நாம் மாணவர்க்குக் கற்பிக்கும் தஜ்வீத் கலை, அரபு எழுத்துகள் பிறக்கும் இடங்களை ஐந்தாக வகுக்கும்: வாய், தொண்டை ஆகியவற்றின் உள்வெளி, தொண்டை, நாக்கு, உதடுகள், மூக்கின் உட்புறம். தலை, கழுத்துப் புற்றுநோய் என மருத்துவர் கூறுவதும் பெரும்பாலும் இவ்விடங்களில் தோன்றுவதே.

புகையிலையும் மதுவும் இதன் முதன்மைக் காரணங்கள். மதுவை விலக்கிய நம் இல்லங்களிலும் நிக்காஹ்தோறும் வெற்றிலைத் தட்டு வலம்வருகிறது. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட நூலில் உறுதி செய்தது.

மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், நீங்காத குரல் கம்மல், கழுத்துக் கட்டி, வாயினுள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, விழுங்குவதில் இடர் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் மருத்துவரை நாடவேண்டும். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. அதனாலேயே பலர் வாளாவிருந்துவிடுகின்றனர். முற்றியபின் நாவையோ குரல்வளையையோ அகற்ற நேரிடலாம். முன்னரே கண்டால், அறுவையாலோ கதிர்வீச்சாலோ நோயை நீக்கிக் குரலையும் காக்கப் பெரிதும் வழியுண்டு.

விதியென்று இருந்துவிடுதல் தவக்குல் ஆகாது. ஓதும் நா இறைவன் தந்த அமானிதம். ஓரெழுத்துப் பிறழ்ந்தாலும் பிள்ளையைத் திருத்தும் நாம், அவ்வெழுத்துப் பிறக்கும் இடத்தையும் பேணுதல் கடனன்றோ?