எந்த மார்க்கை அனுப்புவது?

அக்டோபர் பாதி கழிந்தால் நியூ ஜெர்சியில் எங்கள் வட்டாரத்து வீடுகளில் பேச்சு ஒன்றுதான். நவம்பர் 1 நெருங்குகிறது. பல கல்லூரிகளில் முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்கு அதுதான் கடைசி நாள். கட்டுரைகள் எழுதியாயிற்று, ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதமும் கேட்டாயிற்று. மிச்சம் இருப்பது எஸ்.ஏ.டி. என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வின் மார்க். அதை அனுப்புவதா வேண்டாமா? அனுப்பினால் எந்தத் தேதியில் எழுதியதை, எந்தக் கல்லூரிக்கு?

தமிழ்நாட்டில் படித்து இங்கே வந்த பெற்றோருக்கு இந்தக் கேள்வியே முதலில் பிடிபடாது. ப்ளஸ் டூ மார்க் வரும். கணக்கை 100-க்கும் இயற்பியல், வேதியியலை ஐம்பது ஐம்பதுக்கும் மாற்றி 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். நுழைவுத் தேர்வு இருந்த வரைக்கும் அதற்கொரு 100 சேர்ந்து 300. ரேங்க் பட்டியலில் பெயர் எங்கே விழுகிறதோ அதுதான் நம் இடம். மார்க்கைக் காட்டுவதா, வைத்துக்கொள்வதா என்று யாரும் நம்மைக் கேட்டதில்லை. இங்கே பதினேழு வயதுப் பிள்ளையைக் கேட்கிறார்கள்.

சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் விண்ணப்ப வேலைக்கு உதவுகிறேன். போன இலையுதிர் காலத்தில் நண்பரின் மகன் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "அங்கிள், ரெண்டு தடவையும் ஒரே மார்க். எதை அனுப்புறது?" என்றான். ஆகஸ்டில் வாசிப்பும் எழுத்தும் 650, கணக்கு 740. அக்டோபரில் வாசிப்பு 700, கணக்கு 690. இரண்டுமே 1390. ஆனால் ஒவ்வொரு பகுதியிலும் உயர்ந்ததை எடுத்துக் கூட்டினால் 1440. இதைத்தான் சூப்பர் ஸ்கோர் என்கிறார்கள். எம்.ஐ.டி. உட்படப் பல கல்லூரிகள் அப்படித்தான் பார்க்கின்றன. ஆனால் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு வழியாக அனுப்பும்போது ஒரு நாளின் கணக்கை மட்டும் பிரித்து எடுக்க முடியாது. அந்த நாள் முழுசாகத்தான் போகும். 1440 வேண்டுமென்றால் இரண்டு நாளையும் அனுப்பியாக வேண்டும், குறைந்த 650-ஐயும் 690-ஐயும் சேர்த்து. பையனுக்கு அதுதான் தயக்கம். அப்படிப் பார்க்கும் கல்லூரியில் குறைந்ததை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்று சொன்ன பிறகும் நெடுநேரம் அந்த 650-ஐயே பார்த்துக்கொண்டிருந்தான்.

எந்த நாளின் மார்க்கை அனுப்புவது என்று மாணவரே தேர்ந்தெடுக்கும் இந்த ஸ்கோர் சாய்ஸ் வசதி 2009-இல் வந்தது. எல்லாக் கல்லூரியும் அதை ஏற்பதில்லை. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம், மாணவர் எழுதிய அத்தனை தேர்வின் மார்க்கையும் கேட்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ நேர் எதிர், சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி. மார்க்கைப் பார்ப்பதே இல்லை. இடையில் ஒரு சிக்கல் உண்டு. தேர்வுக்குப் பதிவு செய்யும்போது நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக மார்க் அனுப்பலாம். அந்தச் சலுகை தேர்வு முடிந்து ஒன்பது நாள் வரைதான். மார்க் அதற்குப் பிறகுதான் வரும். பார்த்துவிட்டு அனுப்ப வேண்டுமென்றால் கல்லூரிக்கு இவ்வளவு என்று காசு கட்ட வேண்டும். கட்டண விலக்கு பெற்ற ஏழை மாணவர்களுக்கு எத்தனை கல்லூரிக்கு அனுப்பினாலும் இலவசம்தான். ஆனால் அந்த விலக்கு இருப்பது தெரிந்த பிள்ளைகள் என் மேசைக்கு வருவது அபூர்வம்.

இதையெல்லாம் விரிக்கக் காரணம் இன்னொரு மாணவி. ரேரிட்டன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் படிப்பவள். அம்மா ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறார், வீட்டில் பேச்சு ஸ்பானிஷ். அவள் மார்க் 1340. அவள் விரும்பிய கல்லூரி மார்க் கட்டாயமில்லை என்று சொல்லும் கல்லூரி. அதன் இணையப் பக்கத்தில், சேர்ந்தவர்களில் நடுப்பாதிப் பேரின் மார்க் 1450-க்கு மேலே தொடங்கியது. அந்த வரியைப் பார்த்ததுமே விண்ணப்பத்தில் மார்க் வேண்டாம் என்று குறித்துவிட்டாள். நண்பரின் மகனுக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல ஒருவர் இருந்தார். இவளுக்கு வழி காட்டியது அந்த ஒற்றை வரி.

அந்த வரியை நான் நம்புவதில்லை. மார்க் கட்டாயமில்லை என்ற ஏற்பாடு புதிதல்ல. மெய்ன் மாநிலத்து போடன் கல்லூரி 1969-லேயே அதைத் தொடங்கியது. 2020-இல் கொரோனாவால் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது பெரும்பாலான கல்லூரிகள் அந்த வழிக்கு வந்தன. கட்டாயமில்லை என்றதும் உயர்ந்த மார்க் வாங்கியவர்கள் மட்டும் அனுப்பினார்கள். கல்லூரி வெளியிடும் எண் மேலே போனது. அதைப் பார்த்து அடுத்த ஆண்டில் இன்னும் சிலர் பயந்து நிறுத்திக்கொண்டார்கள், எண் மறுபடி ஏறியது. 1450 என்று அவள் பார்த்தது சேர்ந்த எல்லோருடைய மார்க்கும் அல்ல, அனுப்பத் துணிந்தவர்களுடைய மார்க்.

டார்ட்மவுத் கல்லூரி 2024 பிப்ரவரியில் எஸ்.ஏ.டி. அல்லது அதைப் போன்ற ஏ.சி.டி. தேர்வை மறுபடி கட்டாயமாக்கியதன் பின்னணி இதுதான். அங்குள்ள பொருளியல், சமூகவியல் பேராசிரியர்கள் சொந்தக் கல்லூரியின் விண்ணப்பங்களையே எடுத்து ஆராய்ந்தார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் பலர், அனுப்பியிருந்தால் தங்களுக்கு உதவியிருக்கும் மார்க்கை அனுப்பாமல் விட்டிருந்தார்கள். 1400-ஐ ஒட்டிய மார்க்குகள் அவை. ஒரு மாணவரின் பள்ளியில் மற்றவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதை வைத்துத்தான் சேர்க்கை அலுவலர் அவருடைய மார்க்கைப் படிக்கிறார். பிள்ளைகளோ நாடு முழுக்க வசதியான பள்ளிகளில் படித்தவர்களின் எண்ணோடு தங்களை ஒப்பிட்டுக்கொண்டார்கள். பயிற்சி வகுப்புக்குப் போக முடிந்தவர்களுக்குச் சாதகமான தேர்வு என்று எஸ்.ஏ.டி. மீது வைக்கப்படும் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. மார்க்கை மறைக்கும் உரிமையும் விஷயம் தெரிந்தவர்களுக்கே சாதகம் என்பதை நான் நூலகத்தில் பார்க்கிறேன்.

அந்த மாணவியிடம் பள்ளி விவரக் குறிப்பைத் தேடச் சொன்னேன். மதிப்பெண் பட்டியலோடு பள்ளி ஆலோசகர் கல்லூரிக்கு அனுப்பும் ஓரிரு பக்கத் தாள் அது. அதன் கீழ்ப்பகுதியில் போட்டிருந்த, அவளுடைய பள்ளியின் எஸ்.ஏ.டி. சராசரி 950-ஐத் தாண்டவில்லை. அவள் விரலை அந்த எண்ணிலேயே வைத்துக்கொண்டு, "இதையும் பார்ப்பார்களா?" என்று கேட்டாள். "பார்ப்பார்கள், இந்தத் தாள் அதற்காகத்தான்" என்றேன். மார்க்கை அனுப்பினாள். கட்டண விலக்குக்கு ஆலோசகரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

எல்லோரையும் எல்லா மார்க்கையும் அனுப்பச் சொல்லமாட்டேன். வசதியான பள்ளியில் சராசரியே 1300 இருக்கும்போது 1250 வாங்கியவர், கட்டாயமில்லாத கல்லூரிக்கு அதை அனுப்ப வேண்டியதில்லை. நண்பரின் மகன் சூப்பர் ஸ்கோர் பார்க்கும் கல்லூரிகளுக்கு இரண்டு நாளையும் அனுப்பினான். எல்லா மார்க்கையும் கேட்கும் கல்லூரியில் தேர்ந்தெடுப்பதற்கே ஒன்றுமில்லை.

கட்டாயமில்லை என்று சொல்லும் கல்லூரிகளிடம் நான் கேட்பது இதுதான். நடுப்பாதி எண்ணைப் போடுகிற அதே இடத்தில், எத்தனை பேர் மார்க் அனுப்பினார்கள் என்பதையும் போடுங்கள். உங்கள் பள்ளியின் சராசரியை விட மிக உயர்ந்த மார்க் என்றால் அனுப்புங்கள் என்று கீழே ஒரு வரி சேருங்கள். அந்த வரி ஸ்பானிஷிலும் இருக்கட்டும்.